ஐஸ் கிடங்கு, வக்கீல் வீடு, மடம், விடுதி: மெரினாவின் வட்ட மாளிகை

[காட்சி: காமராஜர் சாலை. கடற்கரைப் பக்கமிருந்து கட்டடத்தின் முகப்பு.]

வணக்கம். மெரினா ரோட்டுல மாநிலக் கல்லூரியைத் தாண்டி ராணி மேரி கல்லூரி பக்கமா போறப்போ, வலது கைப் பக்கம் வட்டமா ஒரு கட்டடம் வரும். அக்கம்பக்கத்துக் கட்டடங்களோட அதுக்குச் சாயலே கிடையாது. பேரு விவேகானந்தர் இல்லம். பேரைப் பார்த்துட்டு அவருக்காகவே கட்டினதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. ஆனா இதைக் கட்டினது 1842 வாக்குல. விவேகானந்தர் பிறந்ததே 1863-லதான்.

அப்போ யாருக்காகக் கட்டினாங்க? ஆளுக்காக இல்லீங்க. ஐஸ் கட்டிக்காக.

[காட்சி: உறைந்த ஏரியில் ஐஸ் வெட்டும் பழைய ஓவியம்.]

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஃபிரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்துல அந்தப் பக்கத்து ஏரி, குளமெல்லாம் உறைஞ்சு கிடக்கும். அதை வெட்டி எடுத்து வெயில் ஊருக்கு வித்தா என்னன்னு அவருக்குத் தோணுச்சு. 1806-ல மேற்கிந்தியத் தீவுகள்ல இருக்கிற மார்டினிக்குக்கு முதல் சரக்கு போச்சு. ஊரே சிரிச்சுது. நஷ்டம், கடன், கடனுக்காக ஜெயில்னு எல்லாத்தையும் பார்த்தார் மனுஷன். ஆனா விடலை.

இந்தியாவுக்கு அவரோட ஐஸ் முதல்ல வந்தது 1833-ல, கல்கத்தாவுக்கு. மே மாசம் பாஸ்டன்ல கிளம்பின 'டஸ்கனி'ங்கிற கப்பல்ல 180 டன் ஏத்தினாங்க. நாலு மாசப் பயணம். பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். செப்டம்பர்ல கல்கத்தா வந்து சேர்ந்தப்போ ஏறக்குறைய 100 டன் கரையாம மிச்சம் இருந்துச்சு!

எப்படின்னு கேட்டா, மரத்தூள். மேய்ன் மாநிலத்து மரம் அறுக்கிற ஆலைகள்ல மரத்தூளை எங்க கொட்டறதுன்னு தெரியாம கிடந்தாங்க. அதை வாங்கி ஐஸைச் சுத்தித் திணிச்சார் டியூடர். அடுத்தது, நாதனியேல் வையத்துங்கிறவர் 1825-ல கண்டுபிடிச்ச, குதிரை இழுக்கிற ஐஸ் வெட்டும் கருவி. அது வந்த பிறகு கட்டியெல்லாம் ஒரே அளவுல வந்துச்சு, இடைவெளி இல்லாம அடுக்க முடிஞ்சுது. இடைவெளி குறைஞ்சா கரையறதும் குறையும். அப்புறம் கப்பல் கூலி. இந்தியச் சரக்கை ஏத்திக்கிட்டுப் போக வர்ற அமெரிக்கக் கப்பல்களுக்கு, வர்ற வழியில ஏத்த பெருசா ஒண்ணும் கிடையாது. பாரத்துக்காகச் சும்மா கல்லை அடுக்கிக்கிட்டு வரும். கல்லு இருந்த இடத்துல ஐஸ் ஏறுச்சு, கூலியும் சல்லிசா அமைஞ்சுது. குளத்துத் தண்ணி, ஆலைக் குப்பை, காலிக் கப்பல். யாருக்கும் வேண்டாத மூணையும் சேர்த்துக் காசு பார்த்திருக்கார்.

சரி, வந்த ஐஸை வைக்க இடம் வேணுமே. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்னு மூணு ஊர்லயும் கிடங்கு எழும்புச்சு. மெட்ராஸ்ல அப்போ துறைமுகம் கிடையாது. கப்பல் கடல்லயே தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆணியே இல்லாம பலகைகளைக் கயிறால தைச்சுக் கட்டின மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டு வரணும். இப்ப நாம பார்க்கிற இந்த அகலமான மணல்வெளி துறைமுகம் கட்டின பிறகு சேர்ந்தது. அன்னைக்குக் கடல் கட்டடத்துக்கு ரொம்பக் கிட்ட. படகுல இறங்கின ஐஸ் வெயில்ல நிக்கிற நேரம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு லாபம். கிடங்கு கரையோரமா வந்ததுக்குக் காரணம் இதுதான், கடற்கரை அழகு இல்லை.

ஐஸ் கிடங்குன்னா வெளிக்காத்தும் சூடும் உள்ள வரக்கூடாது. அதை மட்டும் நினைச்சுக் கட்டின கட்டடம் இது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி மனுஷங்க குடிவந்தப்போ இதுவே தலைவலியாச்சு.

வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, கொஞ்சம் பணக்கார இந்தியர்கள். விருந்துல குளிர்பானத்துக்கும் காய்ச்சல்காரங்களுக்கும் ஐஸ் போச்சு. டியூடர் 1864-ல இறந்தார். பத்து வருஷம் கழிச்சு, 1874-ல, நீராவி இயந்திரத்தை வச்சு உள்ளூர்லயே ஐஸ் செய்யற கம்பெனி மெட்ராஸ்ல வந்துடுச்சு. அதுக்கப்புறம் நாலு மாசம் கப்பல்ல வர்ற ஐஸை எவர் வாங்குவார்? சில வருஷத்துல கடையை மூட வேண்டியதாச்சு.

[காட்சி: கட்டடத்தின் வட்டத் தாழ்வாரம், ஜன்னல்கள்.]

காலியாக் கிடந்த கிடங்கை வாங்கினவர் பிலிகிரி ஐயங்கார், மெட்ராஸ் ஹைகோர்ட் வக்கீல். ஐஸ் கிடங்கை வீடாக்க ஒரு துணிச்சல் வேணும். சுத்தி வட்டமாத் தாழ்வாரம் எடுத்தார், ஜன்னல் வச்சார். ஹைகோர்ட் நீதிபதி கெர்னன் பேர்ல 'கேசில் கெர்னன்'னு பேரும் வச்சார். இன்னைக்கு நாம மாளிகைன்னு ரசிக்கிற தோற்றம் அநேகமா ஐயங்கார் கைவண்ணம்தான். ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்கவும் விட்டார். இருந்தும் காத்தோட்டம் போதலைன்னுதான் சொல்றாங்க. காத்தை வெளியே நிறுத்தக் கட்டின சுவர்ல ஜன்னல் வச்சாலும் எவ்வளவுதான் காத்து வந்துடும்!

1897 பிப்ரவரி 6. சிகாகோவுல பேசிப் பேர் வாங்கின விவேகானந்தர் எழும்பூர்ல ரயிலை விட்டு இறங்கறார். வழி நெடுக கூட்டம். வண்டியில பூட்டின குதிரைகளை அவிழ்த்து விட்டுட்டு இளைஞர்களே வண்டியை இழுத்தாங்க. வண்டி வந்து நின்ன இடம் கேசில் கெர்னன். இந்த ஆரவாரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அவர் சிகாகோ போறதுக்கே மெட்ராஸ் பசங்கதான் பணம் திரட்டினாங்க, முன்னால நின்னவர் பள்ளிக்கூட வாத்தியார் அளசிங்கப் பெருமாள். அதனால ஊர்க்காரங்களுக்கு அது தங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயிச்சுட்டு வந்த மாதிரி. 15-ந் தேதி கப்பல் ஏறுற வரைக்கும் அவர் தங்கினது இங்கதான். விக்டோரியா ஹால் உட்பட ஊர்ல பல இடத்துல பேசினார், பார்க்க வர்றவங்களை இந்த வீட்லயே சந்திச்சார்.

இங்கேயே ஒரு மடம் வேணும்னு அன்பர்கள் கேட்டாங்க. உங்க ஊர் ஆசாரக்காரங்களையும் மிஞ்சற ஆசாரமான ஒருத்தரை அனுப்பறேன்னு சொல்லிட்டுப் போனவர், அடுத்த மாசமே தன்னோட சக துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பி வச்சார். பக்கத்துல ஒரு வாடகை வீட்ல ஆரம்பிச்ச மடம் சீக்கிரமே இந்த மாளிகைக்கு வந்துடுச்சு. தென்னிந்தியாவுல ராமகிருஷ்ண இயக்கம் வேர் விட்டது இங்கதான்.

1902-ல ஐயங்கார் காலமானார். 1906-ல மாளிகை ஏலத்துக்கு வந்துச்சு, ஒரு ஜமீன்தார் எடுத்தார். வேண்டியவங்க பதறினாங்க. யார் வாங்கினா என்ன, யார் வித்தா என்ன, நமக்கு வேண்டியது கொஞ்சம்தானேங்கற போக்குல ராமகிருஷ்ணானந்தர் உட்கார்ந்திருந்ததா அவர் வரலாறு சொல்லுது. வளாகத்துல இருந்த ஒரு சின்ன வீட்டுக்கு மாறிட்டு, 1907-ல மயிலாப்பூர்ல மடத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்ததும் கிளம்பிட்டார்.

1917-ல அரசாங்கம் மாளிகையை வாங்குச்சு. சகோதரி சுப்புலட்சுமி நடத்தின இளம் விதவைகள் விடுதி இங்க இயங்கினது அந்தக் காலகட்டத்துலதான். என்னைக் கேட்டா, இந்தக் கட்டடத்தோட மொத்தக் கதையிலயும் கனமான பகுதி இதுதான். பேச்சு, ஊர்வலம்லாம் இல்லாததால கம்மியாப் பேசறோம். சுப்புலட்சுமியே குழந்தையில கல்யாணமாகி, குழந்தையிலயே விதவையானவர். 1911-ல, இதே கடற்கரை ரோட்டுல இருக்கிற மாநிலக் கல்லூரியில பி.ஏ. முடிச்சார். மெட்ராஸ் மாகாணத்துல பட்டம் வாங்கின முதல் இந்து விதவை அவர்தான். காலையில எதிர்ல விதவை வந்தா சகுனம் சரியில்லைன்னு திரும்பிப் போன ஊர் இது. மொட்டையடிச்சு, மூலையில உட்கார வச்ச பிராமணச் சிறுமிகளைச் சேர்த்துப் படிக்க வச்சு, டீச்சராக்கி அனுப்பினார். 1922-ல பக்கத்துல லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தப்போ அதுக்கும் அவரே தலைவி. அப்புறம் ரொம்ப காலம் இந்த மாளிகை ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவங்களோட விடுதியா இருந்துச்சு.

1963-ல, விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி அரசு வச்ச பேர்தான் விவேகானந்தர் இல்லம். 1997-ல ராமகிருஷ்ண மடத்துக்கே குத்தகைக்குக் கொடுத்தாங்க. இப்ப உள்ள நிரந்தரக் கண்காட்சி இருக்கு. விவேகானந்தர் தங்கின அறை தியான அறையாயிருக்கு.

கல்கத்தா கிடங்கும் பம்பாய் கிடங்கும் இடிச்சாச்சு. மூணுல மிஞ்சினது மெட்ராஸ்து மட்டும்தான். பழமையைக் காப்பாத்தணும்னு யாரோ அன்னைக்கே முடிவெடுத்ததால இல்லை. ஒருத்தர் காலி பண்ணப்போ அடுத்தவருக்கு அந்த இடம் தேவைப்பட்டுது, அவ்வளவுதான்.

நேர்ல பார்க்கப் போறவங்களுக்கு ஒரு தகவல். ஆட்டோக்காரர்கிட்ட ஐஸ் ஹவுஸ்னு மட்டும் சொல்லாதீங்க, திருவல்லிக்கேணிக்குள்ள பெசன்ட் ரோடு பக்கம் கொண்டு போய் விட்டுடுவார். அந்தப் பகுதிக்கே அதான் பேரு. பீச் ரோடு, விவேகானந்தர் இல்லம்னு சொல்லுங்க.