போர்டு வந்தாச்சு! ஆனால் அந்த பெர்மனென்ட் மார்க்கரை வைத்தது யார்?

வணக்கம், வணக்கம். இன்றைக்கும் காரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பின்சீட்டில் தெரிவது அதே பைதான். "பையில் என்ன இருக்கிறது" வீடியோவில் பார்த்தீர்களே, ஜிப் போன பை. மாற்றச் சொல்லி எழுதிய எல்லோருக்கும் நன்றி, மாற்றப் போவதில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் காலையிலிருந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்துக்கொண்டிருக்கிறேன். போர்டு வந்துவிட்டது! சுவர் முழுக்க அடைக்கிற அளவுக்குப் பெரிய வெள்ளை போர்டு. நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அலுவலகத்துக்குப் பெயின்ட் அடித்தபோது பழைய போர்டைக் கழற்றி வைத்தார்கள், அதற்குப் பிறகு அது சுவருக்குத் திரும்பவே இல்லை. "இனி எல்லாம் டேப்லெட்டில்" என்றார்கள். நான் எத்தனை மெயில் போட்டேன், எத்தனை மீட்டிங்கில் புலம்பினேன் என்று பழைய வீடியோக்களில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். போன வீடியோவின் கடைசியில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், அதைக்கூட நான் வெட்டவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சமூக மனநலக் குழுவில் கிளினிக்கல் கோஆர்டினேட்டர். டாக்டர் இல்லை, மேனேஜரும் இல்லை. எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களில் பாதிப் பேர் "வருபவர்கள்" இல்லை, நாங்கள்தான் அவர்களிடம் போகிறோம். யார் யாரைப் போய்ப் பார்ப்பது, யாருக்கு எப்போது ஊசி, வார்டிலிருந்து யார் வெளியே வருகிறார், யாருடைய அண்ணன் மூன்று முறை போன் செய்தும் யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை... இதெல்லாம் யாராவது ஒருவர் தலையில் விடிய வேண்டுமே, அந்தத் தலை என்னுடையது.

சரி, போர்டு. காலையில் ஆசை ஆசையாகப் போய்க் கோடு போட ஆரம்பித்தேன். ஸ்கேல் வைத்து, நிதானமாக. மேலே தலைப்புகள் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஒரு எழுத்து கோணலாக இருக்கிறதே என்று டஸ்டரை எடுத்துத் துடைத்தால், போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். ம்ஹூம். மார்க்கரைத் திருப்பிப் பார்த்தால் பெர்மனென்ட். போர்டுக்குக் கீழே இருக்கிற தட்டில், போர்டு மார்க்கர்களுக்கு நடுவில், அதே நிறம், அதே தடிமன், அதே மூடி. யார் அங்கே வைத்தது? குழுவில் ஒவ்வொருவரையும் கேட்டேன், எல்லோரும் உத்தமர்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெர்மனென்ட் மையின் மேலேயே சாதாரண போர்டு மார்க்கரால் கிறுக்குங்கள். நன்றாக மூடுகிற மாதிரி. உடனே, காய்வதற்குள் துடையுங்கள். போர்டு மார்க்கரில் இருக்கிற கரைப்பான் பழைய மையையும் சேர்த்துக் கரைத்துவிடும். நான் இதைச் செய்துகொண்டிருக்கும்போது எங்கள் சீனியர் நர்ஸ் அக்கா வந்து, ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட் ஸ்வாப் பாக்கெட்டைப் பிரித்து, ஒரே இழுப்பில் ஒரு தலைப்பை அழித்துவிட்டார். வேலை செய்கிறதுதான். ஆனால் அக்கா, அந்த ஸ்வாப் கணக்கில் இருக்கிறது! மாதக் கடைசியில் ஊசி எண்ணிக்கையும் ஸ்வாப் எண்ணிக்கையும் ஏன் ஒத்துவரவில்லை என்று என்னைத்தான் கேட்பார்கள். "போர்டுக்கும் நான்தான் ஊசி போட்டேன் என்று எழுது" என்கிறார். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. என் முறையே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வீடியோவுக்கு ஒருவர் எழுதியிருந்தார், "இந்தக் காலத்தில் போர்டா, நீங்கள் எந்த நூற்றாண்டில் இருக்கிறீர்கள்" என்று. நல்ல கேள்வி. எரிச்சலான கேள்வி, ஆனாலும் நல்ல கேள்வி. டேப்லெட்டில் கொடுத்திருக்கிற அந்த ஆப்பை நான் முழுதாக வெறுக்கவில்லை. ஒருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே அவருக்கு என்ன மருந்து, என்ன அலர்ஜி என்று பார்க்க முடிகிறதே, அது வரம். ஆனால் காலையில் ஆப்பைத் திறந்தால் என்ன காட்டுகிறது? இன்றைய அப்பாயின்ட்மென்ட்கள். அப்பாயின்ட்மென்ட் போட்டவர்கள் இருக்கிறார்கள். யாருக்கு அப்பாயின்ட்மென்ட் போட எல்லோரும் மறந்துபோனார்களோ, அவர் அந்தத் திரையில் இல்லை. என் வேலையே அவரைத் தேடுவதுதான்! போர்டில் அவர் வரிசை இருக்கும், கட்டம் காலியாக இருக்கும், அந்தக் காலிக் கட்டம் குழுவின் எட்டுப் பேர் கண்ணிலும் குத்தும்.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், மெண்டோட்டா மனநல மருத்துவமனையில் லென்னர்ட் ஸ்டீன், மேரி ஆன் டெஸ்ட், அர்னால்ட் மார்க்ஸ் ஆகியோர் ஒன்றைக் கவனித்தார்கள். வார்டில் தேறி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பத் திரும்ப வார்டுக்கே வந்தார்கள். சரி, வார்டு ஊழியர்களையே வெளியே அனுப்புவோம், அவர்கள் வாழ்கிற இடத்திலேயே பார்ப்போம் என்று ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்த முறையில் ஒரு ஊழியருக்குச் சுமார் 10 பேர்தான். தினமும் குழு கூடி எல்லோருடைய பெயரையும் ஒருமுறை கடந்து போகும். பேச ஒன்றும் இல்லாதவர் பெயரையும்தான். நெதர்லாந்துக்காரர்கள் பிறகு அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். நிலைமை ஆட்டம் காண்கிறவர்களை மட்டும் போர்டில் ஏற்றி, தினமும் முழுக் குழுவும் பார்த்து, தேறியதும் இறக்குவது. அங்கே "போர்டு" என்பது சிகிச்சை முறையின் ஒரு பகுதி. ஆகவே கேள்வி கேட்ட அன்பரே, நான் சரியான நூற்றாண்டில்தான் இருக்கிறேன்.

என் போர்டில் என்னென்ன கட்டம் என்று சொல்கிறேன். முதலெழுத்து. கடைசியாகக் கண்ணால் பார்த்த தேதி, அதாவது நேரில் பார்த்தது. போனில் பேசியதை அங்கே எழுதினால் எனக்குக் கோபம் வரும். அடுத்து யார், எப்போது. டிப்போ ஊசி தேதி, அதாவது உடம்பில் தங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மருந்தை விடுகிற ஊசி. இது ஏன் தனிக் கட்டம் என்றால், மனச்சிதைவுக்கு மாதம் ஒருமுறை போடுகிற பாலிபெரிடோன் ஊசிக்கு முன்பின் 7 நாள் வரை சலுகை உண்டு. கடைசி ஊசி போட்டு 6 வாரம் தாண்டிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஊசிக்குப் பயப்படுகிற ஒருவரிடம் போய் "ஒன்று தவறியது, அதனால் இப்போது இரண்டு" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் குளோசபைன் கட்டம். மற்ற மருந்துகள் பலிக்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கிற மாத்திரை அது. இரத்தப் பரிசோதனை தேதி அதில் வரும். இந்த மருந்து சிலருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் அந்தப் பரிசோதனை. ஆ, இதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம், சொல்லாமல் விட்டுவிட்டேனே! புகை. ஆமாம், பீடியோ சிகரெட்டோ. சிரிக்காதீர்கள். புகையில் இருக்கிற வேதிப்பொருள்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு குளோசபைனைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. நிகோடின் இல்லை, புகைதான். அதனால் நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டால் இந்த விளைவு வராது. வார்டில் புகைக்க விடமாட்டார்கள், அங்கே இருந்த நிலைக்கு டோஸ் சரிசெய்து அனுப்புவார்கள். அவர் வெளியே வந்து முதல் வேலையாகப் பற்ற வைப்பார். சில நாட்களில் இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டும், யாரும் பேசாமலே காதில் கேட்கிற அந்தக் குரல்கள் திரும்பும். வீட்டில் எல்லோரும் "மாத்திரையைத் துப்புகிறாயா" என்று அவரைத் திட்டுவார்கள். பாவம் அவர். திடீரென்று புகையை நிறுத்தினாலோ நேர்மாறு, அளவு எகிறும். அதனால்தான் அந்தக் கட்டம்.

இப்போது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்கால டிஸ்சார்ஜ். மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் நாட்களும் வாரங்களும்தான் தற்கொலை அபாயம் மிகவும் கூடுகிற காலம், இது துறையில் எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடுகிற நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் எல்லோரையும் 7 நாளுக்குள் தொடர்புகொள்ளச் சொல்கிறது, தற்கொலை அபாயம் தெரிந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள். இப்போது வெள்ளி ஐந்து மணிக்கு அனுப்பினால் அந்த 48 மணி நேரம் எங்கே போகிறது? சனி, ஞாயிறு. ஃபைல் என் மேஜைக்குத் திங்கள் வருகிறது. குளோசபைனுக்கும் அதே 48 மணி நேரக் கணக்கு உண்டு. அதற்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸைக் கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். மாத்திரை சீட்டு மட்டும் கையில் இருந்து மாத்திரை இல்லாமல் ஒரு வாரக் கடைசி போனால் போதும், வாரக்கணக்கான வேலை தரைமட்டம். அதனால் போர்டின் வலது ஓரத்தில் சிவப்பில் "வெளியே வருகிறவர்கள்" என்று ஒரு பத்தி போட்டிருக்கிறேன். வியாழக்கிழமையே நான் வார்டுக்குப் போன் செய்து நச்சரிப்பேன். அங்கே என் குரல் கேட்டாலே பெருமூச்சு விடுகிறார்கள் என்று கேள்வி, விடட்டும்.

(இதைப் பார்க்கிற யாருக்காவது அந்த மாதிரி எண்ணம் இப்போது இருந்தால், வீடியோவை நிறுத்திவிட்டு உங்கள் பகுதியின் உதவி எண்ணையோ பக்கத்தில் இருக்கிறவரையோ கூப்பிடுங்கள். இந்த வீடியோ ஓடிப்போகாது.)

கடைசிக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குத் தலைப்பே இல்லை. இடம் மட்டும் விட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி நிறைய மாற்றித்தான் சொல்கிறேன். ஒருவர் கதவைத் திறக்கவே மாட்டார். போவோம், தட்டுவோம், பெயர் சொல்வோம், உள்ளே டிவி அலறும். ஆப்பில் மூன்றே தெரிவு: சந்தித்தேன், வீட்டில் இல்லை, மறுத்தார். நான் எதை அழுத்த? அவர் வீட்டில் இருக்கிறார். மறுக்கவும் இல்லை. அதே பதில் மூன்று முறை வந்தால், "இந்தக் கேஸை மூடலாமா?" என்று ஆப் பவ்யமாகக் கேட்கிறது. மூடலாமா என்றால் என்ன அர்த்தம், கதவு ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது!

ஒரு நாள் எங்கள் குழுவின் இளைய தம்பி போனான். வழக்கம்போலக் கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து, "நான் பேச ஆரம்பித்ததும் டிவி சத்தம் குறைந்தது" என்றான். அவ்வளவுதான். அப்போது போர்டு இல்லை. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுத்து போகிறவர் டேப்லெட்டின் பின்னால் ஒட்டினேன். அவர் போய்க் கதவைத் தட்டவே இல்லை. வெளியே உட்கார்ந்து, அன்றைய மழையைப் பற்றியும் டிவியில் ஓடிய மேட்ச்சைப் பற்றியும் பேசிவிட்டு, அடுத்து எந்தக் கிழமை வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சத்தம் முழுதாக நின்றதாம். அடுத்த தடவை "ஸ்கோர் தப்பு" என்று உள்ளேயிருந்து குரல். ஊசி பற்றிய பேச்சு அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது. ஆனால் வந்தது. ஆப்பில் அந்த வரலாறு முழுக்க "வீட்டில் இல்லை" என்றுதான் பதிவாகியிருக்கிறது. டிவி சத்தத்துக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று நான் மெயில் போட்டபோது என்னைக் கிண்டல் செய்தவர்கள் இருக்கிறார்கள். இப்போது கட்டம் இருக்கிறது, என் சுவரில்.

போர்டை வீடியோவில் காட்டச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். காட்ட மாட்டேன். முதலெழுத்துதான் என்றாலும் ஒரு முதலெழுத்து, ஒரு ஊசி தேதி, ஒரு டிஸ்சார்ஜ் நாள் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். போர்டு இருக்கிற அறைக்கு ஜன்னல் இல்லை, கதவில் பூட்டு இருக்கிறது, இரண்டையும் சரிபார்த்த பிறகுதான் மாட்டவே விட்டேன். "காலி போர்டையாவது காட்டுங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். அழித்த பிறகும் சாய்த்துப் பார்த்தால் எழுத்து நிழலாகத் தெரியும், இன்று பெர்மனென்ட் மார்க்கர் புண்ணியத்தில் இன்னும் நன்றாகவே தெரியும். தனியாக வீடுகளுக்குப் போகும்போது என்ன பாதுகாப்பு என்று கேட்டவர்களுக்கு அடுத்த வீடியோவில் பதில். போன் அடிக்கிறது, வார்டு எண். வருகிறேன்.