கிராண்டில் யார் பெயர்? பழைய மோட்டார் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நேயர்களே, வணக்கம்.

கோலாலம்பூரில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரை அழுத்திப் பார்ப்பார்கள், செயினை இழுத்துப் பார்ப்பார்கள். விவரமானவர்கள் செந்தூலிலிருந்தோ கெப்போங்கிலிருந்தோ தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எஞ்சினில் கோளாறு இருந்தால் செலவோடு போய்விடும். விற்கிறவருக்கு வண்டி சொந்தமே இல்லை என்றால் கொடுத்த பணமும் போகும், வண்டியும் போகும். அதனால் இன்றைக்கு எஞ்சின் பக்கம் நான் போகப் போவதில்லை. வண்டி யாருக்குச் சொந்தம், அதன்மேல் யாருடைய கடன் இருக்கிறது, இது இரண்டைத்தான் பேசப் போகிறேன்.

சாவி கையில் இருக்கிறது, கிராண்டும், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழும், கையில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். கிராண்ட் என்பது அச்சடித்த நாளில் ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை, கணினியில் என்ன இருந்ததோ அதன் நகல்தான். அதற்குப் பிறகு கணினியில் எது மாறியிருந்தாலும் அந்தத் தாளுக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. திருட்டு வண்டியை நீங்கள் முழு விலை கொடுத்து, ரசீதும் வாங்கி வைத்திருந்தாலும், போலீஸ் வந்தால் வண்டி பறிமுதல்தான்.

முதலில் கடன் விஷயம். இங்கே புது மோட்டார்களில் பெரும்பாலானவை தவணையில் வாங்கப்படுபவை. சிலர் வங்கியில் எடுப்பார்கள், சிலர் ஏயோன் கிரெடிட் போன்ற நிதி நிறுவனத்தில் எடுப்பார்கள். 1967-ஆம் ஆண்டு சேவா பெலி சட்டம், அதாவது வாடகைக் கொள்முதல் சட்டம், மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். அந்தச் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டிக்கு உரிமையாளர் நிதி நிறுவனம்தான். மாதாமாதம் கட்டுகிறவர் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர், அவ்வளவே. அந்த நிறுவனம் தன் உரிமையை ஜேபிஜேயில் பதிந்து வைக்கும். இதைத்தான் துந்துத்தான் ஹக் மிலிக் என்கிறோம். அது நீங்காதவரை பெயர் மாற்ற முடியாது.

இதில் இரண்டு பக்கமும் ஏமாற வாய்ப்பு உண்டு. கடன் முடிந்து துந்துத்தானும் நீக்கப்பட்டிருக்கும், ஆனால் பழைய கிராண்டில் நிறுவனத்தின் பெயர் அப்படியே அச்சில் இருக்கும். நல்ல வண்டியை வேண்டாம் என்று விட்டுவிடுவீர்கள். இன்னொரு பக்கம், வாட்ஸ்அப்பில் வரும் கிராண்ட் படத்தில் அந்த இடம் சுத்தமாக இருக்கும், கணினியில் துந்துத்தான் உட்கார்ந்திருக்கும். படத்தில் எதையும் அழிக்கலாம், எதையும் எழுதலாம். ஆகவே கிராண்டைப் பாருங்கள், ஆனால் முடிவைக் கணினியை வைத்து எடுங்கள்.

எப்படி? விற்கிறவரை நேரில் சந்திக்கும்போது, அவருடைய போனில் மைஜேபிஜே செயலியை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். முன்பே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். அந்தச் செயலி அவரவர் அடையாள அட்டை எண்ணில் திறப்பது. வண்டி அவர் பெயரில் இருந்தால் அவருடைய பட்டியலில் அந்தப் பதிவு எண்ணும் ரோட் டேக்ஸ் விவரமும் தெரியும். தெரியவில்லையென்றால் வண்டி வேறு யார் பெயரிலோ இருக்கிறது. “அண்ணன் பெயரில் இருக்கு, கூட்டாளி பெயரில் இருக்கு” என்று பதில் வந்தால், அந்த அண்ணனையோ கூட்டாளியையோ பார்க்காமல் ஒரு வெள்ளியும் (ரிங்கிட்) கொடுக்காதீர்கள். இது முதல் வடிகட்டல். உறுதி செய்ய, விற்கிறவரோடு சேர்ந்தே ஜேபிஜே கவுண்டருக்குப் போய், துந்துத்தான் இருக்கிறதா, பிளாக்லிஸ்ட், அதாவது தடைப் பட்டியலில், வண்டி இருக்கிறதா என்று அதிகாரியிடம் கேளுங்கள். வங்சா மாஜு அலுவலகத்துக்குப் போகலாம். புடுவுக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு யூடிசி என்ற அரசு சேவை மையம் வசதி. கவுண்டருக்கு வர மறுக்கிறவரிடம் வண்டி வாங்காதீர்கள். அரை நாள் லீவு போட மனமில்லாதவர் நாளைக்குப் பெயர் மாற்றவும் வரமாட்டார்.

அடுத்தது எண்கள். இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். வண்டியில் எண் இரண்டு இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் எண் கிராங்க்கேஸின் மேல் இருக்கும். சின்ன மோட்டார்களில் பெரும்பாலும் இடது பக்கம், கியர் மிதிக்கும் காலுக்கு அருகில். சேசிஸ் எண் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் இருக்கும், அல்லது சீட்டைத் தூக்கினால் தெரியும், சிலவற்றில் பிளாஸ்டிக் கவரைக் கழற்ற வேண்டியிருக்கும். ஒரு பழந்துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பொறித்த பள்ளங்கள் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா? எழுத்துக்கு எழுத்து இடைவெளி சமமா? அந்த ஒரு சதுரம் மட்டும் சாணை பிடித்ததுபோல் பளபளக்கிறதா, அல்லது அங்கே மட்டும் பெயிண்ட் புதிதாக இருக்கிறதா? இவற்றில் ஒன்று உறுத்தினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மெல்லிய தாளை எண்ணின்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் தாளில் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அழிப்பும் திருத்தமும் சில சமயம் அந்தத் தாளில் தெரியும். பிறகு கிராண்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த எழுத்து ஒன்று கண்ணில் பட்டால் படிப்பதில் பிழை, இல்லையென்றால் பொறித்தவர் பிழை. எஞ்சின் எண் மட்டும் பொருந்தவில்லை என்றால், எஞ்சினை மாற்றிவிட்டு ஜேபிஜேயில் பதியாமல் விட்டிருக்கலாம். ஒய்15, எல்சி135 போல இளைஞர்கள் விரும்பி மாற்றி மாற்றி ஓட்டும் வண்டிகளில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். பதிந்து சரிசெய்ய வேண்டியது விற்கிறவரின் வேலை, அதுவும் நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால்.

இப்போது சம்போங் பாயார். பேஸ்புக்கில் பாதி விளம்பரம் இதுதான். “கொஞ்சம் டெபாசிட் கொடு, மீதித் தவணையை நீ கட்டு, முடிந்ததும் பெயர் மாற்றித் தருகிறேன்” என்பார்கள். என் கருத்து, விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள். விற்கிறவருக்கு அந்த வண்டியை விற்க உரிமையில்லை. நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் கிடையாது. நீங்கள் மாதாமாதம் விற்றவரின் கையில் பணம் கொடுக்க, அவர் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? தொடர்ந்து இரண்டு தவணை நின்றுவிட்டால் நிறுவனம் நோட்டீஸ் அனுப்பி, 21 நாள் கழித்து வண்டியை இழுக்கலாம். அந்த நோட்டீஸ் போவது ஒப்பந்தத்தில் இருக்கும் முகவரிக்கு. உங்களுக்கு ஒரு கடிதமும் வராது. காலையில் பிளாட்டுக்குக் கீழே வந்து பார்த்தால் வண்டி இருக்காது. திருட்டுப் போனது என்று போலீசுக்கு ஓடுவீர்கள், அங்கே போனபிறகுதான் விஷயம் தெரியும். உண்மையிலேயே திருட்டுப் போனாலும், காப்புறுதிப் பணம் பாலிசியில் இருக்கும் பெயருக்கும் நிதி நிறுவனத்துக்கும்தான் போகும். இருவருக்கும் இடையே எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தாள் நிதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது, அதில் எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும் சரி.

கடன் பாக்கியிருக்கும் வண்டியை முறையாக வாங்க வழி இருக்கிறது. முன்கூட்டியே கடனை அடைக்க எவ்வளவு என்று விற்கிறவர் நிறுவனத்திடம் கணக்குத் தாள் வாங்க வேண்டும். அதில் தொகையும் அது எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்கும். வண்டி விலை 5,500 வெள்ளி, பாக்கி 3,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த 3,200 வெள்ளியை நீங்களே அந்த ஒப்பந்த எண்ணைப் போட்டு நேராக நிறுவனத்தில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். விற்கிறவர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். நிறுவனம் துந்துத்தானை நீக்க சில வேலை நாள் ஆகும். நீங்கியதைக் கவுண்டரில் பார்த்தபிறகு, பெயர் மாறும் அன்று மீதி 2,300 வெள்ளி. இடையில் ஏதாவது கோளாறு வந்தால் கட்டிய தொகையை விற்கிறவர் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு வரி எழுதி, அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராண்டே இல்லை, தொலைந்துவிட்டது என்பார்கள் சிலர். உண்மையாகவும் இருக்கலாம், வட்டிக்காரரிடம் அடகில் இருக்கலாம். தனியார் வட்டிக்காரர் கிராண்டைப் பிடித்து வைத்திருப்பது ஜேபிஜே கணினியில் தெரியாது. ஆகவே காரணத்தை ஆராயாமல், முதலில் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து எடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சம்மனுக்கு, அதாவது போக்குவரத்து அபராதத்துக்கு, வருவோம். போலீஸ் சம்மனை மைபாயார் பிடிஆர்எம் தளத்திலும், ஜேபிஜே சம்மனை மைஜேபிஜேயிலும் பார்க்கலாம். பதிவு எண்ணில் ஒருமுறை, உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணில் ஒருமுறை பாருங்கள். கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல் போடும் கார் பார்க் அபராதம் தனி. பிளாக்லிஸ்ட் ஆகியிருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும், கட்டவேண்டியது விற்கிறவர்.

உரிமையாளர் இறந்திருந்தால், பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தாலும் போதாது. அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்திடமோ நீதிமன்றத்திலோ அதிகாரக் கடிதம் எடுத்தவர்தான் விற்க முடியும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை முன்பணமும் வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் கவுண்டர். இருவரும் மைகார்டோடு, அதாவது அடையாள அட்டையோடு, நேரில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்கான கேதிகாஏ (K3A) பாரம், கிராண்ட், உங்கள் பெயரில் எடுத்த காப்புறுதி ஆகியவை தயாராக இருக்கட்டும். விற்றவரின் பழைய காப்புறுதி உங்களுக்குச் செல்லாது, இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக அவருக்குக் கிடைத்த என்சிடி கழிவும் உங்களுக்கு வராது. பெருவிரல் ரேகை வைப்பதுதான் முக்கியம். ஆள் வராமல், கையெழுத்துப் போட்ட வெறும் பாரத்தைக் கொடுத்துவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடையாள அட்டை நகல் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே பதிவு எண்ணை எழுதி, “பெயர் மாற்றத்துக்கு மட்டும்” என்று மலாயில் எழுதிவிடுங்கள். பாக்கிப் பணத்தைக் கவுண்டருக்குப் பக்கத்திலேயே, பரிமாற்றம் முடிந்த பிறகு வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் பின்னால் நிரூபிப்பது கஷ்டம்.

வண்டி கைமாறியபின் 7 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். விற்கிறவர்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறாதவரை வரும் சம்மன் எல்லாம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கடைக்காரர் பெயர் மாற்றித் தராமல் இழுத்தடித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளிவரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தனிமனிதரிடம் வாங்கியதற்கு அந்த வழி கிடையாது. புதிய சான்றிதழ் வந்ததும், பென்சிலால் தேய்த்தெடுத்த அந்தத் தாளை எடுத்து எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் மறுபடி ஒப்பிடுங்கள். தட்டச்சுப் பிழை இருந்தால் அன்றைக்கே அதே கவுண்டரில் சொல்லித் திருத்திவிடலாம்.