ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு: மென்பொருள் நிறுவன வேலையும் திருகோணமலைப் பிள்ளைகளும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, வணக்கத்துக்குரிய அருட்தந்தை அவர்களே, மதிப்புக்குரிய மௌலவி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்வி அதிகாரிகளே, அதிபர்களே, கோணேசபுரியிலிருந்து வந்திருக்கும் வளாகத்து விரிவுரையாளர்களே, வர்த்தகப் பெருமக்களே, தாய்மார்களே, என் அன்புக்குரிய இளைஞர்களே, யுவதிகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் தலைவர் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய மாணவர் சங்கம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை கூடி, விருந்து வைத்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும் என்ற பேச்சை மாற்றியவர் அவர். பிள்ளைகளின் தொழிலைப் பற்றி ஒரு மாலை முழுவதும் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்று இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்தார். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அன்பருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், காலையிலிருந்து கதிரை அடுக்கிய தம்பிமாருக்கும், எல்லோருக்கும் தேநீர் தந்த மாதர் சங்கத்து அம்மாமாருக்கும் என் நன்றி. மௌலவி அவர்கள் மூதூரிலிருந்து இந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு, மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள் என்பது. நான்கு பகுதியாகப் பேச நினைத்து வந்தேன். விரும்புவது, வெறுப்பது, பெண்பிள்ளைகளுக்கு இருக்கும் தனிச் சிக்கல்கள், செயற்கை நுண்ணறிவு வந்தபின் அந்த வேலை என்ன ஆகும் என்பது.

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியலையும் வரவுப் பதிவேட்டையும் பார்ப்பதே என் உத்தியோகம். என் ஆச்சி ஒரு பழமொழி சொல்லுவார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. வீணாகப் போவதென்றாலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். என் உத்தியோக காலம் முழுக்க அந்தப் பழமொழியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் உட்காரவைத்துக் கேட்பேன். தம்பி, அந்த வேலையில் உனக்குப் பிடித்தது என்ன? சம்பளம் என்றுதான் முதலில் சொல்லுவார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். பலர் அதை இரண்டாவதாகத்தான் சொல்லுகிறார்கள். முதலில் சொல்வது வேறு. "மாமா, நான் யாருடைய கடிதமும் கொண்டு போகேல்லை" என்கிறார்கள்.

இந்த ஊரில் ஒரு சிற்றூழியர் வேலைக்குக்கூட எத்தனை வாசற்படி ஏற வேண்டும், எத்தனை அரசியல்வாதியின் செயலாளரிடம் கைகட்டி நிற்க வேண்டும் என்பது இங்கே இருக்கும் தாய் தகப்பன்மாருக்குத் தெரியும். அந்தத் துறையில் ஒரு கணக்கைக் கொடுத்து கணினி நிரல் எழுதச் சொல்லுகிறார்கள். எழுதத் தெரிந்தால் வேலை. நிலாவெளியா, குச்சவெளியா, கிண்ணியாவா என்று கேட்பதில்லை. மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நேற்றுச் சேர்ந்த பிள்ளையும் கூட்டத்தில் எழுந்து, இது பிழை என்று சொல்லலாம். பக்கத்து மேசையில் இருப்பவர் இவன் எழுதியதை வரி வரியாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறார், அதற்குக் காசு வாங்குவதில்லை. படிப்பு முடிந்தும் படிப்பு தொடருகிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

சம்பளமும் நல்லதுதான். மாதம் முடிய வங்கிக்கு வருகிறது. ஒழுங்கான நிறுவனமாக இருந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 என்று சட்டப்படி போய்ச் சேருகிறது. 2022 இல் ரூபாய் சரிந்து, நாங்கள் எல்லோரும் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது, சில நிறுவனங்கள் சம்பளத்தின் ஒரு பகுதியை டொலர் மதிப்போடு சேர்த்துக் கொடுத்தன. அந்தப் பணத்தில் தாக்குப்பிடித்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

சரி, பிடிக்காதது என்ன? இதைக் கேட்டால் பிள்ளைகள் முதலில் கதவைச் சாத்துகிறார்கள், பிறகுதான் பேசுகிறார்கள்.

நேரம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் கிளை. வாடிக்கையாளர் நியூயோர்க்கில் இருக்கிறார். அவருக்குக் காலை 9 மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஏழரை. கலிபோர்னியா என்றால் இரவு பத்தரை வரை போகும். பகல் முழுக்க வேலை செய்தவன், அந்த நேரத்தில் கூட்டத்துக்குக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறான். விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஒரு திகதியை வாக்குக் கொடுத்துவிடுகிறார், அதை எழுதி முடிக்க வேண்டியவனை ஒரு சொல் கேட்பதில்லை. பிறகு முறை வைத்து, இந்தக் கிழமை நீ விழித்திரு, எங்கேயாவது பிழைத்தால் உன் தொலைபேசிதான் அடிக்கும் என்கிறார்கள். 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்கிறது. இந்தப் பிள்ளைகளில் பலர் மேலதிக நேரக் கொடுப்பனவு என்று ஒரு சதம் கண்டதில்லை. கேட்டால், நீங்கள் நிறைவேற்றுத் தரத்து ஊழியர் என்று பதில் வருகிறது. பிள்ளைகளே, ஆற்றிலே போட்டாலும் அளந்து போடுங்கள். வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிரான்சில் 2017 இலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பெரிய நிறுவனங்கள் ஊழியரோடு பேசியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவுஸ்திரேலியா 2024 இல் அந்த உரிமையைக் கொண்டுவந்தது. எங்களுக்கும் அது வேண்டும்.

இன்னொன்று, நிலையில்லாமை. 2023 ஜனவரியில் கூகுள் நிறுவனம் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முந்தி மெட்டா 11,000 பேரை அனுப்பியது. திருகோணமலைக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது, தொழிற்றளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். என் தங்கையின் மகன் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். தைப்பொங்கலுக்கு இரவு றெயிலில் வந்து இறங்கினான். விடியற்காலை முற்றத்தில் கோலம் போட்டு, கல் வைத்து, பானை ஏற்றியாயிற்று. பால் பொங்கி வருகிற நேரம் இவன் தொலைபேசி அடிக்கிறது. அமெரிக்காவில் அப்போது முதல் நாள் இரவு எட்டரை. இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கடை, வாங்குகிறவர்கள் காசு கட்ட முடியாமல் நிற்கிறது. பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகிவிட்டதாம். அதைப் புதுப்பிக்கத் தெரிந்தவன் இவன் ஒருவன். உள்ளே ஓடி மடிக்கணினியைத் திறக்கிறான், கரண்ட் போய்விட்டது. பழைய கணினி, பற்றரி நிற்காது. தொலைபேசியில் சிக்னலும் வந்து வந்து போகிறது. தங்கை பானையடியில் நின்று, "தம்பி, பொங்கிப் போச்சு, வந்து அரிசி போடு" என்று கூப்பிடுகிறாள். இவன் வேட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான்.

எங்கே போனான்? கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ் தொழிற்சாலை. அங்கே ஜெனரேட்டர் ஓடும், ஐஸ் கரையக் கூடாதல்லவா? முதலாளி கிண்ணியாக்காரர், எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த நானா. வாசலில் வேட்டியும் திருநீறும் கணினியுமாக நிற்கிறவனைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன தம்பி, ஆஸ்பத்திரிக்கா?" "இல்ல நானா, அமெரிக்காவில ஒரு கடையில காசு கட்ட ஏலாமக் கிடக்கு." "அமெரிக்காவில கடை பூட்டினா நீ ஏன் தம்பி இஞ்ச ஓடி வாறாய்?" என்று கேட்டுக்கொண்டே, மீன் நிறுக்கும் தராசை மேசையிலிருந்து தூக்கி வைத்து, சாக்கால் துடைத்து, கதிரை போட்டார். அலுவலக அறையின் இணையக் கடவுச்சொல்லைச் சொன்னார். பக்கத்தில் ஐஸ் உடைக்கிற இயந்திரம் அலறுகிறது. பெட்டி தூக்குகிறவர்கள் குறுக்கும் நெடுக்கும் போகிறார்கள். தொலைபேசியின் மறுமுனையில் இருந்த வெள்ளைக்காரர், அங்கே என்ன சத்தம் என்று கேட்டாராம். எங்கள் அலுவலகம் என்றானாம் இவன். அரைமணித்தியாலம் தட்டினான். நானா கொண்டு வந்து வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள் கடை திறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, ஒரு வாழையிலை நிறையப் பொங்கலைக் கட்டிக்கொண்டு திரும்ப அங்கேதான் போனான்.

நிறுவனம் அவனைப் பாராட்டி எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது. நல்லது. அடுத்த மாதம் அவன் ஒரு விண்ணப்பம் கொடுத்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மாதத்தில் இரண்டு கிழமை திருகோணமலையிலிருந்து வேலை செய்யட்டுமா என்று கேட்டான். அலுவலகத்தில் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும் என்று பதில் வந்தது.

பெரியோர்களே, மீன் மேசையில் இருந்து அமெரிக்கக் கடையைத் திறந்தவனுக்கு இந்தப் பதில்! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இதே துறைதான் வீட்டில் இருந்தே நடந்தது. அப்போது ஏலும் என்றால் இப்போது ஏன் ஏலாது?

அளந்து பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு அறைக்கு வாடகை, முற்பணம். கடைச் சாப்பாடு. ஊருக்கு வர இரவு முழுக்கப் பயணம். சம்பளத்தில் எவ்வளவு கொழும்பிலேயே கரைகிறது? எங்கள் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் கோணேசபுரியில் கணினி விஞ்ஞானம் படிப்பித்துப் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறது. அவர்கள் இந்த ஊரில் எங்கே போய் உட்காருவார்கள்? எல்லா நேரமும் ஐஸ் தொழிற்சாலை நானாவின் மேசையை நம்பலாமா?

அதனால்தான் சொல்லுகிறேன், கேட்கிற எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்: திருகோணமலை நகரத்தில் ஒரு பொதுப் பணிமண்டபம் வேண்டும். பெரிய மாளிகை கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு அரசாங்கக் கட்டடம் போதும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃபைபர் இணைப்பு, ஒன்று அறுந்தால் மற்றது ஓட வேண்டும். கூரையில் சூரியத் தகடு, கரண்ட் போனால் பற்றரி. கூட்டங்களில் பேசுவதற்குச் சத்தம் போகாத சிறு அறைகள். நள்ளிரவு வரை திறந்திருக்க வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளருக்கு அப்போதுதான் பகல். பெண்பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு வாகனம். பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசுகிறேன் என்றேன், அந்த வாகனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், மிச்சத்தை இன்னொரு மேடையில் சொல்லுவேன்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் பாதைப் படகுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா! பாலம் வந்தபிறகு அக்கரைப் பிள்ளை நினைத்த நேரத்தில் நகரத்துக்கு வந்து படிக்க முடிந்தது. இணையமும் மின்சாரமும் தடைப்படாத ஒரு மண்டபம் வந்தால், நகரத்துப் பிள்ளை நகரத்திலேயே இருந்து உழைக்க முடியும். இருபது முப்பது பேர் தினமும் அங்கே உட்காருகிறார்கள் என்று காட்டினால், கொழும்பு நிறுவனங்களிடம் கிளை திறக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் இருக்கும். வர்த்தகப் பெருமக்களே, அந்தப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை உங்கள் கடைகளில்தான் வாங்குவார்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் ஊரின் இளமையை அளக்காமலே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தலைவர் துண்டு அனுப்பிவிட்டார். செயற்கை நுண்ணறிவு பற்றி வளாகத்து விரிவுரையாளர் எனக்கு அடுத்துப் பேசுவார், அவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்.

வெளி வாசலில் மேசை போட்டு ஒரு மனு வைத்திருக்கிறோம், தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் மாகாண சபைக்கும் ஒவ்வொரு பிரதி போகும். பெயர், முகவரி, கையொப்பம். மென்பொருள் துறையில் பிள்ளை இருக்கும் பெற்றோர் கடைசி நிரலில் பிள்ளை எந்த ஊரில் வேலை செய்கிறது என்பதையும் எழுதுங்கள், அந்த நிரலைத்தான் அதிகாரிகளிடம் முதலில் காட்டப்போகிறேன். மேசையில் பேனை இருக்கிறது, சங்கத்துத் தம்பிமார் நிற்கிறார்கள். மனுவில் ஒப்பமிட்ட பிறகு தேநீருக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.