கண்ணாடிக் கதவு ஆபீஸும் கையெழுத்துப் போடாத தங்கச்சியும்

வணக்கம். இன்றைக்கு வண்டிக்குள் உட்கார்ந்தே பேசுகிறேன், கேமரா கொஞ்சம் ஆடும். எதிரே சார்பதிவாளர் அலுவலகம். பதினொன்றரைக்கு டோக்கன். வாங்குகிற பார்ட்டி இன்னும் பேங்கில் டிடிக்காக நிற்கிறார். அவர் வருவதற்குள், பல பேர் கேட்ட விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: சொந்தமாக ரியல் எஸ்டேட் ஆபீஸ் போடலாமா?

நான் நாலு வருடம் சம்பளத்துக்கு சைட் காட்டியவன். வேலையை விட்டதும் செய்த முதல் காரியம், கோவை சரவணம்பட்டியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் பிடித்தது. தப்பு. ஆறு மாதத்தில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு தானாக வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் ஜெராக்ஸ் கடை என்று நினைத்து வந்தவர். நம் வியாபாரம் போனிலும் பேக்கரி வாசலிலும்தான் நடக்கிறது. அந்த அட்வான்ஸ் பணம் கையில் இருந்திருந்தால் இன்னும் நாலு மாதம் வீட்டுச் செலவுக்கு ஆகியிருக்கும். ஏனென்றால் கமிஷன் பத்திரம் முடிகிற அன்றைக்குத்தான் வரும்.

அதுவும் முழுசாக வராது. எங்கள் பக்கம் வாங்குபவரிடம் ஒன்று, விற்பவரிடம் இரண்டு சதவீதம் என்று பேசுவோம். 60 லட்சத்துக்கு முடித்தால் கணக்குப்படி 1,80,000. பத்திரம் முடிந்து வெளியே வந்ததும், "பாத்துக்கலாங்க தம்பி" என்று ஒரு கவரைக் கொடுப்பார்கள். அதையும் நடுவில் இருக்கிற இரண்டு புரோக்கர்களோடு பிரிக்க வேண்டும். இப்போதெல்லாம் சைட் காட்டுவதற்கு முன்பே கமிஷனை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது வேறு. மூன்றாவது மாதம், காளப்பட்டியில் ஐந்து சென்ட். பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்று சுத்தம். அக்ரிமெண்ட் போட்டாயிற்று. ஒரு வாரத்தில் அவர்களுடைய தங்கச்சியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், மகளுக்கும் சமபங்கு. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் தெரியும், வாரிசு உரிமை தெரியாது. எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக் கொடுக்க இரண்டு மாதம் அலைந்தேன். இப்போது மூலப்பத்திரத்தோடு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மேஜைக்கு வராமல் யாரையும் சைட்டுக்குக் கூட்டிப் போவதில்லை. சைட் காட்ட யார் வேண்டுமானாலும் வருவார்கள். காகிதம் படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த பார்ட்டி போன் போடுவார்.

அப்புறம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்றாலும், எட்டுக்கு மேல் ஃபிளாட் கட்டி விற்றாலும், அந்தத் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அதில் விற்றுக் கொடுக்க நமக்கும் ஏஜெண்ட் பதிவு வேண்டும். 2016 சட்டப்படி, பதிவில்லாமல் செய்தால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரைக்கும் அது ஏறலாம். சின்ன புரோக்கர்தானே என்று விட்டுவிடாதீர்கள். வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி. அந்தக் கவலை எனக்கு இன்னும் வரவில்லை, வந்தால் இனிப்பு வாங்கித் தருகிறேன்.

சரி, டிடி வந்துவிட்டது. இன்றைய ஃபைலிலும் ஓர் அக்கா இருக்கிறார், பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். அதோ, தம்பிகள் பக்கம் போகாமல் வேப்பமரத்தடியில் தனியாக நிற்கிறார். முதலில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு டோக்கனைப் பார்க்கிறேன்.