‘க்ரை’ என்னும் ஆங்கில வினையும் நம் ஊர் அழுகையும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தம் அலுவல்களை ஒதுக்கி வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, இந்தக் கிளை நூலகத்தைத் தம் வீட்டுத் திண்ணையைப் போலப் பேணிவரும் நூலகர் அம்மையார் அவர்களே, சேரன்மகாதேவியிலிருந்தும் முக்கூடலிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். வாசலிலேயே எனக்குத் துண்டு போர்த்திய அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு நன்றி. பொன்னாடை வேண்டாம், துவைத்துக் கட்டக்கூடிய துண்டு போதும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

இன்றைக்கு ‘க்ரை’ என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பொருள், அதன் வடிவங்கள், அதை வைத்து எழுந்த மரபுத்தொடர்கள் என்று மூன்று செய்திகளைச் சொல்வதாக உத்தேசம்.

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த நான், தொடக்கத்தில் எல்லா ஆசிரியர்களையும் போல, கரும்பலகையில் ‘க்ரை’ என்று எழுதி, எதிரே ‘அழு’ என்று எழுதி, கோடு போட்டுவிட்டேன். அந்தக் கோடு போட்டதன் பலனை ஒன்பதாம் வகுப்பு ஆண்டாய்வின்போது அனுபவித்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி, போர்க்களக் கதை ஒன்றில் தளபதி ‘வெற்றி! வெற்றி!’ என்று ‘க்ரைடு’ என வரும் வரியைக் காட்டி, கடைசி பெஞ்சில் இருந்த பையனிடம் பொருள் கேட்டார். அவன் எழுந்து, சட்டையின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “வெற்றி வெற்றின்னு தளபதி அழுதாரு சார்வாள்” என்றான். வகுப்பே சிரித்தது. அதிகாரி விடவில்லை. “ஜெயிச்சவன் எதுக்குடே அழுதான்?” என்று கேட்டார். பையன் சற்றும் தயங்காமல், “எங்க அக்காளுக்குத் தாலி கட்டுனன்னைக்கு எங்கம்மையும் அழுதாவல்லா, அது மாதிரி இருக்கும் சார்வாள்” என்றான். அதிகாரி பையனைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அன்றைக்கு வகுப்பில் உண்மையில் அழ வேண்டியிருந்தவன் நான் ஒருவன்தான். பிழை பையனுடையதன்று, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் தந்த என்னுடையது.

பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் கூவுதல், உரக்க அழைத்தல் என்பதே. கண்ணீர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. கண்ணீர் வடிப்பதற்கு ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல் ‘வீப்’. நம் ஊரில் தண்டோரா போடுகிறவரைப் போல அங்கே ஊர்ச்செய்தியைக் கூவிச் சொன்னவருக்கு ‘டவுன் க்ரையர்’ என்று பெயர். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோவான் 11-ஆம் அதிகாரத்தில், லாசருவின் சாவுக்கு இயேசு கண்ணீர் விடும் 35-ஆம் வசனத்தில் ‘வெப்ட்’ என்று வரும். எட்டு வசனம் தள்ளி, கல்லறையின் முன் நின்று “வெளியே வா” என்று உரத்துக் கூப்பிடும் இடத்தில் ‘க்ரைடு’ என்று வரும். பாளையங்கோட்டையில் இந்த இரண்டு வசனங்களையும் சொல்லிக் கொடுத்தால் போதும், பிள்ளைகளுக்கு வேற்றுமை மறக்காது.

வடிவங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தகாலம் எழுதும்போது இறுதியில் உள்ள ‘ஒய்’ எழுத்து ‘ஐ’ ஆகும். ‘க்ரையிங்’ என்னும்போது ‘ஒய்’ தன் இடத்திலேயே இருக்கும். ஒன்றை வேண்டி அழுவதானால் ‘க்ரை’யை அடுத்து ‘ஃபார்’ வரும். நாம் ‘பாலுக்கு அழுகிறது’ என்று நான்காம் வேற்றுமை போடுகிறோமே, அதே வேலைதான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கும் மாணவனுக்கு இந்த இலக்கணம் தானாக வந்துவிடும். ஆனால் ‘கந்துவட்டிக்காரனுக்கு மாதம் ஆயிரம் அழுகிறேன்’ என்கிறோமே, மனமில்லாமல் கொடுத்தல் என்ற அந்தப் பொருள் ‘க்ரை’க்குக் கிடையாது, அது நம் சொல்லின் தனிச்சொத்து.

தமிழில் அழுவது வேறு, கூவுவது வேறு என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். தொல்காப்பியம் அழுகையை, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது. அங்கே கூவலுக்கு இடமில்லை. ஆனால் இழவு வீட்டு முற்றத்தில், தலைவிரி கோலமாக, தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கும் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? “என்னப் பெத்த அய்யா” என்று இறந்தவரை முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுக்கொண்டே அழுகிறார்கள். மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கேவல், அடுத்த அடியைத் தொடங்கும் இடத்தில் ஓர் அழைப்பு. ‘க்ரை’யின் இரண்டு பொருளும் ஒரே வாயில் சேர்ந்து நிற்கிற இடம் அதுதான். கேவுதல், விம்முதல், தேம்புதல், விசும்புதல், அரற்றுதல், கதறுதல் என்று அகராதியில் அடுக்கிக் கிடக்கும் சொற்களின் வேற்றுமையை அவர்கள் குரலில்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது சாவு வீட்டில் ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டுப் போடுகிறார்கள். அந்தச் சத்தத்தின் முன்னால் கிழவிகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஒப்பாரியைப் பாடத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இன்னும் இருக்கிறார்கள். மாணவச் செல்வங்கள் கையில் இருக்கும் செல்பேசியில், வீட்டு ஆச்சிமார் மனமொப்பிப் பாடினால், அதைப் பதிவு செய்யுங்கள். நல்ல நாளில் ஒப்பாரி பாடக்கூடாது என்று ஆச்சி தட்டுவாள். வாசலிலேயே உட்கார்ந்து நச்சரியுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மரபுத்தொடர்களைத் தொடவேயில்லை, வெகுதொலைவு என்று பொருள்படும் ‘ஃபார் க்ரை’ என்பதும் நம்முடைய ‘கூப்பிடு தூரம்’ என்பதும் குரலைக் கொண்டே தொலைவை அளந்தவை என்பதை மட்டும் சொல்லி, மற்றதை நூலகர் அம்மையார் மறுபடியும் அழைத்தால் வைத்துக்கொள்ளலாம். நூறு பக்க நோட்டு ஒன்றை அவர்கள் மேசையில் வைத்திருக்கிறேன். பாடியவரின் ஊர், வயது, யாருக்காக முதலில் பாடினார் என்பதை எழுதுவதற்கு மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் என் தாயார் பாடியதை எழுதியாயிற்று. இரண்டாம் பக்கத்திலிருந்து உங்களுடையது. வணக்கம்.