சந்தா கொடுக்கப் போராடியவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கத் தொழிலாளியைத் தலைநிமிர வைத்தது சட்டமா, சங்கமா என்பது கேள்வி. சங்கமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, "சங்கமா? அது சந்தா உண்டியல்! மாதம் பிறந்தால் கையை நீட்டும், மற்ற நாளில் வாயை நீட்டும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதி வந்த குறிப்புகளை அப்போதே மடித்து வைத்துவிட்டேன். இந்த ஒன்றுக்குப் பதில் சொன்னால் போதும்.

டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரம். 1968, பிப்ரவரி 1. மழை. குப்பை அள்ளும் கறுப்பினத் தொழிலாளர்கள் இருவர். எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். ஒதுங்க இடமில்லை. தங்கள் தெருவில் இவர்கள் மழைக்கு ஒதுங்குவதை வெள்ளைக்கார வீட்டுக்காரர்கள் விரும்பவில்லை. லாரியின் பின்புறம், குப்பை கொட்டும் இடத்துக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. இருவரையும் நசுக்கிக் கொன்றது.

மறுபடியும் சொல்கிறேன், அவசரப்படாமல் கேளுங்கள். மழை பெய்தது. எங்கே ஒதுங்கினார்கள்? வீட்டுத் திண்ணையிலா? இல்லை. கடை வாசலிலா? இல்லை. குப்பைக்குள் ஒதுங்கினார்கள்! தினமும் வீட்டுக் கொல்லைகளில் புகுந்து, ஒழுகும் தொட்டியைத் தலையில் சுமந்து, புழுவும் அழுக்குநீரும் சட்டைக்குள் வழிய நடந்தவர்கள், கடைசியில் அந்தக் குப்பையோடு குப்பையாக நசுங்கினார்கள்.

குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு மாதச் சம்பளமும் 500 டாலரும். விபத்து இழப்பீடு கிடையாது. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அந்த உரிமை இல்லையாம்.

சட்டம் எங்கே போயிருந்தது, சகோதரி? நீங்கள் அரை மணி நேரம் புகழ்ந்த, இனப் பாகுபாடு கூடாது என்ற குடிமை உரிமைச் சட்டம் 1964இலேயே வந்துவிட்டதே! நான்கு ஆண்டுகளாகத் தாளில் இருந்தது. அந்த மழையில் அவர்களுக்குக் குடை பிடிக்க அது வரவில்லை.

பிப்ரவரி 12. சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. "நான் ஒரு மனிதன்" என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? கூலி உயர்வு, பாதுகாப்பு. இவற்றோடு, சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், எங்கள் சம்பளத்தில் சந்தாவைப் பிடித்துச் சங்கத்துக்குக் கொடுங்கள் என்றார்கள். மேயர் ஹென்றி லோப் முடியவே முடியாது என்றார். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று நீதிமன்றத் தடையும் வந்தது. சட்டம் அன்று நின்ற பக்கம் அது!

நீங்கள் கேலி செய்தீர்களே, அந்தச் சந்தா, அதைக் கொடுக்கும் உரிமைக்காக மனிதர்கள் இரண்டு மாதம் பட்டினி கிடந்தார்கள். தன் அரிசிக்குக் காசில்லாதவன் சங்கத்துக்குக் கொடுத்தே தீருவேன் என்று போலீஸ் தடியின் முன்னால் நிற்கிறான் என்றால், அவனிடமிருந்து யார் பிடுங்கினார்கள்? ஒருவனாகக் கேட்டபோது துரத்தினார்கள். 1963இல் சங்கம் அமைக்க முயன்றவர்களை வேலையை விட்டே நீக்கினார்கள். சேர்ந்து கேட்டால்தான் கேட்கும் என்று அவனுக்கு வயிறு சொல்லியிருந்தது.

இந்தக் குப்பைத் தொழிலாளர்களுக்காகத்தான் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 3, புயலடித்த இரவில், மேசன் டெம்பிள் தேவாலயத்தில் பேசினார். இந்தப் போராட்டத்தைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலை லொரைன் விடுதியின் மாடத்தில் நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஏப்ரல் 8. கணவரின் உடலை இன்னும் அடக்கம் செய்யவில்லை, இறுதிச் சடங்கு மறுநாள்தான். கிங்கின் மனைவி கொரெட்டா அம்மையார் பிள்ளைகளோடு மெம்பிஸ் வந்தார். அழுவதற்கு வீட்டில் இடமில்லையா? கணவர் நடக்கவிருந்த ஊர்வலத்தில் முன்வரிசையில் அவர் நடந்தார். பின்னால் பல்லாயிரம் பேர், ஒரு முழக்கமும் இல்லாமல் நடந்தார்கள்.

ஏப்ரல் 16இல் நகராட்சி இறங்கி வந்தது. சங்கத்தை ஏற்றது. மே மாதம் மணிக்குப் பத்து சென்ட், செப்டம்பரில் மேலும் ஐந்து சென்ட் கூலி உயர்வு. சந்தாப் பிடித்தத்துக்கும் வழி பிறந்தது.

நடுவர் அவர்களே, துக்க வீட்டிலிருந்து புறப்பட்டுக் குப்பைத் தொழிலாளிக்காக நடந்தாளே ஒரு தாய், அவள் நடந்த பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.