வெள்ளைக் காலுறையும் ஒரு சிம்பொனியும்

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாப்பாட்டு மணியை எதிர்பார்த்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பு, ‘ஹைடனை உயர்த்தியது அரண்மனையா, லண்டனா?’ ஹைடன் என்றால் 18ஆம் நூற்றாண்டு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன்; பல வருடம் அரண்மனையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு லண்டன் போய்ப் பெயர் வாங்கியவர். நாங்கள் அரண்மனைக் கட்சி. எதிரணி அண்ணன் இப்போதுதான் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். “உங்கள் ஹைடன் வெள்ளைக் காலுறை மாட்டிய எடுபிடி” என்றார்.

காலுறை உண்மைதான். 1761இல் எஸ்டர்ஹாசி என்ற ஹங்கேரியப் பிரபு குடும்பத்தில் இசைக்காரராக வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. தினமும் முன்கூடத்தில் நின்று, இன்று கச்சேரி உண்டா என்று உத்தரவு கேட்கவும் வேண்டும். அண்ணே, நீங்கள் வங்கியில் வேலை பார்க்கிறீர்கள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்குகிறது, கழற்ற மறந்து மேடையேறிவிட்டீர்கள். உங்களை நாங்கள் எடுபிடி என்றோமா?

சரி, அந்த எடுபிடி முதலாளியை என்ன செய்தார், கேளுங்கள். 1772. ஹங்கேரியின் சதுப்பு நிலத்தில் இளவரசர் நிக்கோலஸ் கட்டிய எஸ்டர்ஹாசா மாளிகை. கோடை முடிந்துவிட்டது, இளவரசர் கிளம்புவதாக இல்லை. வாத்தியக்காரர்களின் மனைவி மக்கள் எல்லாம் ஊரில், ஐசன்ஸ்டாட்டில். லீவு கேட்க யாருக்குத் துணிச்சல்? ஹைடனிடம் வந்தார்கள். அவர் மனு எழுதவில்லை. வாத்தியக் குழு முழுக்கச் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைப் படைப்பு, சிம்பொனி, அதை எழுதினார்!

கடைசிப் பகுதி. வேகம் தணிகிறது. ஓபோ, ஹார்ன் என்ற ஊது வாத்தியக்காரர்கள் தங்கள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அப்புறம் பசூன், அதுவும் ஊது வாத்தியம்தான். வயலின் இனத்திலேயே பெரிய டபுள் பாஸ்காரர் சும்மா போவாரா? நீளமாக ஒரு தனி வாசித்துவிட்டுத்தான் போகிறார்.

இப்போது இளவரசர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஒருவன் போகிறான், வயிற்று வலி என்று நினைக்கிறீர்கள். இன்னொருவன் போகிறான், இவனுக்குமா? அதே சமையல்காரர்தானே என்று சந்தேகம் வருகிறது. மூன்றாமவன், நான்காமவன்... மேடையே இருண்டுபோகிறது. கடைசியில் இரண்டே வயலின். ஒன்று குழுவின் முதல் வயலின்காரர் தோமாசினி, இன்னொன்று ஹைடன். அவர்களும் எழுந்து போகிறார்கள். இளவரசருக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே எல்லோருக்கும் ஊர்ப் பயணம்!

இதை லண்டனில் செய்ய முடியுமா அண்ணே? டிக்கெட் வாங்கியவன் முன்னால் விளக்கை அணைத்தால் காசைத் திருப்பிக் கேட்பான்.

லண்டனில் 12 சிம்பொனிகள், ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர் பட்டம் என்றார் எதிரணி அண்ணன். கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பழக்கியது யார்? உலகத்திலிருந்து ஒதுங்கியிருந்தேன், குழப்ப ஆளில்லை, அதனால் சுயமாக எழுத வேண்டியதாயிற்று என்று ஹைடனே சொல்லியிருக்கிறார். எனக்கு மேல் அவர் பேசிவிட்டார், நான் வாதத்தை விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேளுங்கள். ஐசன்ஸ்டாட்டில் ஹைடனின் வீடு 1768இல் எரிந்தது. 1776இல் மறுபடியும் எரிந்தது. இரண்டு தடவையும் கட்டிக் கொடுத்தவர் அதே நிக்கோலஸ். அவர் 1790இல் கண்ணை மூடியபோது ஹைடனுக்கு ஆண்டுக்கு 1000 குல்டன், அந்தக் காலத்து நாணயம், எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். எடுபிடிக்கு யாராவது உயில் எழுதுவார்களா?

லண்டனில் மன்னர் மூன்றாம் ஜார்ஜே இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்டார். புகழ் அங்கே, பணம் அங்கே. ஆனால் ஹைடன், என் இளவரசர் குடும்பத்துக்கு நன்றிக்கடன் இருக்கிறது என்றார். 1795இல் கப்பல் ஏறினார். வயது 63.

நன்றி, வணக்கம்.